துள்ளலுக்கு ஒரு தட்டு வடை

எங்கள் பிளேன் வளவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விமானத்தை இறக்கும்போது சக்கரம் நிலத்தில் தொட்டுத் துள்ளினால், துள்ளிய வீட்டுக்காரர் பின்னேரம் எல்லாருக்கும் உழுந்து வடை கொடுக்க வேண்டும். ஒரு துள்ளலுக்கு ஒரு தட்டு. சட்டம் போட்டவர் பக்கத்து வீட்டு மரியரட்ணம். குருநகர் ஆள், கனடாவில் ஏரித் தண்ணீரில் விமானம் இறக்கிப் பழகியவர், வாயை மூடத் தெரியாதவர். துள்ளுகிறவர்கள் ஆண்கள், உழுந்து அரைக்கிறவர்கள் நாங்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இன்னும் சந்தோசமாகப் போட்டிருப்பார். அவருடைய மகள் ஜெசிதாவும் விமானம் ஓட்டுகிறவள்தான். அவள் துள்ளினால் மனைவியை இழந்த மரியரட்ணம்தான் அடுப்படியில் நிற்க வேண்டும். ஆனால் அந்தப் பாவி துள்ளுவதே இல்லை.

இடம் எது என்று சொல்லிவிடுகிறேன். கொடிகாமத்தில் இறங்கி உள்ளே வந்தால் ஒரு பழைய தென்னந்தோட்டம் இருந்தது. வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்த, விமானம் ஓட்டத் தெரிந்த சிலர் சேர்ந்து அதை வாங்கினோம். நடுவே நீளத்துக்குக் கிரவல் போட்டு இறுக்கி ஓடுபாதை ஆக்கி, இரண்டு பக்கமும் வீடுகளைக் கட்டினோம். ஏழு வீடுகள். முன்பக்கம் ஒழுங்கை, கார் வரும். பின்பக்கம் ஓடுபாதை, விமானம் வரும். மற்ற வீடுகளில் மாட்டுக் கொட்டில் இருக்கிற இடத்தில் எங்களுக்குப் பிளேன் கொட்டில். வாசலில் ஆங்கிலத்தில் பெரிய பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம். ஊர்ச்சனம் அதை ஒருநாளும் சட்டை செய்ததில்லை, அவர்களுக்கு இது பிளேன் வளவு.

வேலி கிடையாது. இறக்கை தட்டுமாம். யாழ்ப்பாணத்தில் வேலி இல்லாமல் வீடு கட்டிய ஆட்கள் நாங்களாகத்தான் இருக்கும். தென்னை கொஞ்சம் தலையெடுத்தால் தறித்துவிடுவார்கள். பின்வளவில் உடுப்புக் காயப்போட்டால், யாராவது எஞ்சினை முடுக்கி அதன்மேல் புழுதி அடிப்பார்கள். எதிர்ப்பக்கத்து வீட்டுக்குக் கறி கொண்டு போவதென்றால், ஓடுபாதையைக் கடக்க முன் இரண்டு பக்கமும் வானத்தைப் பார்க்க வேண்டும். வந்த புதிதில் எனக்கு இது பெரிய கரைச்சலாக இருந்தது. இப்போது சுன்னாகம் சந்தைக்குப் போனாலும் றோட்டைக் கடக்க முன் அண்ணாந்து பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரர் கேதீஸ்வரன் லண்டனில் கணக்காளராக இருந்தவர். நாற்பது வயதில் விமானம் ஓட்டப் பழகினார். நான் அங்கே ஒரு பஸ் டிப்போவில் வேலை செய்தேன். எந்தச் சாரதிக்கு எந்த பஸ் என்று பிரித்துக் கொடுக்கிற வேலை. கண் மங்கிய சாரதிகளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, முகத்துக்கு நேரே சொல்லிச் சாவியை வாங்கி வைத்திருக்கிறேன். அழுதவர்களும் உண்டு, ஏசிவிட்டுப் போனவர்களும் உண்டு. எனக்கு அதில் ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. றோட்டில் போகிற சனத்தின் உயிர் பெரிது.

இவர் சுத்தமாக இறக்குவார். வளவுக்குக் குடிவந்த காலத்தில் எங்கள் வீட்டில் வடைச் சட்டி அடுப்பில் ஏறியதே குறைவு. பின்னேரங்களில் காற்றுத் திசை காட்டும் துணிப்பையின் கீழ் எல்லாரும் கதிரை போட்டு உட்காருவோம். யாராவது இறங்கினால் புள்ளி போடுவார்கள். இவர்தான் முதலில் வாய் திறப்பார்.

"பத்துக்கு ஆறு. மூக்கைத் தூக்க முந்திப்போட்டார்."

இறங்கும்போது நிலத்துக்குக் கிட்ட வந்ததும் விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்கிப் பிடிக்க வேண்டும். முந்தித் தூக்கினால் உயரத்திலேயே வேகம் கெட்டுத் தொப்பென்று விழும், விழுந்தால் துள்ளும். பிந்தினால் மூக்கால் போய்க் குத்தும். ஒருநாளும் விமானம் ஓட்டாத எனக்கே இது மனப்பாடம். இந்த வளவில் வேறு கதை கிடையாது.

போன வருட மாரி முடிந்த கையோடு இவர் துள்ளத் தொடங்கினார்.

முதல் தடவை எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"அண்ணை, இண்டைக்குத் தவளை பிடிக்கப் போனனீங்களே?" என்று மரியரட்ணம் கேட்டார்.

"காத்து ஒருக்கால் தூக்கிப்போட்டுது, ரட்ணம்."

"காத்து வடை சுடாது. அக்காவுக்குச் சொல்லுங்கோ, உள்ளி போடாமல், மிளகு கூடப் போட்டு."

அடுத்த கிழமை திரும்பவும் துள்ளினார். பிறகு ஒரே இறக்கத்தில் இரண்டு தரம். நான் காலையில் எஞ்சின் சத்தம் கேட்டதுமே உழுந்தை ஊறப்போடுகிற நிலைக்கு வந்தேன். இவரை ஏசியும் இருக்கிறேன். "நீங்கள் மேலை போய் விளையாடிப்போட்டு வாறியள், எனக்குத்தான் முதுகு முறியுது" என்றேன். இவர் சிரித்துவிட்டு விமானத்தின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். சக்கரத்தில் காற்றுக் குறைவாம். பிறகு வெயில் முகத்தில் அடித்ததாம். வைகாசி வந்ததும் சோளகக் காற்று அவருக்கு நல்ல வசதியாகப் போயிற்று, எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டார்.

ஆனி மாதத்தில் வடை கேட்பது நின்றது.

முதலில் நான் கவனிக்கவில்லை. ஒருநாள் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இவர் வந்து விழுந்தார். விழுந்தது துள்ளி, ஒருபக்க இறக்கை சரிந்து, திரும்பவும் விழுந்து ஒருமாதிரி நேராயிற்று. என் கையில் இருந்த அகப்பையை நான் கீழே போட்டுவிட்டேன். அன்று பின்னேரம் உழுந்து ஊறவில்லையே என்ற யோசனையோடு கதிரையில் போய் உட்கார்ந்தால், மரியரட்ணம் இவரைப் பார்த்து, "நல்ல இறக்கம் அண்ணை" என்றார். மற்றவர்கள் தேத்தண்ணியைக் குடித்தார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அரைக்கிற வேலை மிச்சம் என்று சந்தோசப்பட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ துள்ளல். ஒருவர்கூட வடை என்ற சொல்லை எடுக்கவில்லை. மற்றவர்கள் துள்ளினால் மட்டும் பழையபடி சிரிப்பும் வடையும் நடந்தன. இன்னொன்றும் கண்டேன். இவர் இப்போது புள்ளி போடுவதில் முந்துவதில்லை. மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருந்து, "ஓம், ஆறு குடுக்கலாம்" என்று பின்னால் சொன்னார். யார் இறங்குகிறார்கள் என்றே இவருக்குத் தெரியவில்லையோ என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. வந்ததை உடனே தள்ளிவிட்டேன்.

கண்ணில் அழுத்தம் என்று இரண்டு வருடமாக மருந்து விடுகிறார். விமானம் ஓட்டலாம் என்று கொழும்பில் டொக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் அடுத்த வருடம்வரை செல்லும். கையெழுத்துப் போட்ட அன்று கண் சரியாகத்தான் இருந்தது. கண்ணுக்குத் திகதி தெரியுமா?

ஓடுபாதையின் தெற்கு முனைக்கு அப்பால் மகாதேவியின் தோட்டம். பயிற்றங்காயும் கத்தரியும் போட்டிருக்கிறாள், கொடிகாமம் சந்தைக்குக் கொடுக்கிறாள். நான் அவளிடம் நேரே போய் வாங்குவேன். ஒருநாள் பயிற்றங்காயைக் கட்டித் தந்துவிட்டு, போகிறவளை நிற்பாட்டினாள்.

"அக்கா, ஐயாவுக்குச் சுகமில்லையே?"

"ஏன் கேக்கிறாய்?"

"இல்லை, சும்மா."

"சும்மா ஆர் கேப்பினம்? சொல்லு."

மகாதேவி கத்தரிச் செடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மற்றப் பிளேனுகள் வந்தா நான் நிமிந்தும் பாக்கிறேல்லை, அது தன்ரை பாட்டிலை போகும். ஐயாவின்ரை சத்தம் எனக்குத் தெரியும். அது கேட்டா வேலையை விட்டுட்டுக் கிணத்தடிக்குப் போயிடுவன். அவர் இப்ப ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உயரத்திலை வாறார், அக்கா. குறை நினையாதேங்கோ."

குறை நினைக்க என்ன இருக்கிறது. பயிற்றங்காய்க் கட்டோடு ஓடுபாதை ஓரமாக நடந்து வந்தேன். பிறகுதான் காற்றுப் பையின் கீழ் இருந்த கதிரைகளைப் பார்த்தேன். முன்பு ஓடுபாதைக்குக் கிட்டப் போட்டிருந்த கதிரைகள் இப்போது பின்னால், மரியரட்ணம் வீட்டுச் சுவரோடு இருந்தன. யாரோ நிழலுக்காக மாற்றினார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே மரியரட்ணம் வீட்டுக்குள் போனேன். அவர் தன் பிளேன் கொட்டிலில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரட்ணம், எங்கடை வீட்டு வடைக்கு என்ன குறை?"

"என்ன அக்கா, திடீரெண்டு?"

"ரெண்டு மாசமா இவர் வாரத்துக்கு வாரம் துள்ளுறார். ஒருத்தரும் வடை கேக்கேல்லை. ஏன்?"

"உங்களுக்கும் ஏலாது தானே அக்கா. பாவம், ஏன் கரைச்சல் குடுப்பான் எண்டு..."

"போன வருசம் நான் இடுப்பு நோவிலை படுத்திருக்கேக்கை நீர் கேட்டு வாங்கித் திண்டனீர். அப்ப நான் பாவமில்லையோ?"

வாய் மூடத் தெரியாத மனுசன் வாயை மூடிக்கொண்டு நின்றார். ஜெசிதா உள்ளே இருந்து வந்து கொட்டில் வாசலில் நின்றாள். அவளுக்கு நாற்பது வயது, அவுஸ்திரேலியாவில் விமானம் ஓட்டப் பழக்கிக் கொடுத்தவள். 

"அண்ணைக்கு ஆர் அக்கா சொல்லுறது?" என்றார் மரியரட்ணம் கடைசியில். "பொன்னம்பலத்தாருக்கு நடந்தது தெரியும் தானே."

தெரியும். கடைசி வீட்டுப் பொன்னம்பலம் நெஞ்சு நோவு வந்து பறப்பதை நிறுத்தினார். விமானத்தை விற்றார். முதலில் பின்னேரங்களில் வந்து உட்கார்ந்தார், பிறகு வரவில்லை. வெறும் பிளேன் கொட்டிலில் அவருடைய மனைவி செத்தல் மிளகாய் காயப்போட்டார். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்கு மகளிடம் போனார்கள். மிளகாய் காய்ந்த கொட்டிலைப் பார்த்து இவர் ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை.

"நீங்கள் சொல்லுவியள் எண்டு நாங்கள் இருந்திட்டம், அக்கா. நீங்கள்தானே பெண்சாதி."

"நீங்கள்தானே பைலட்மார். நீங்கள் சொல்லாததை நான் எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் வடை கேட்டிருந்தாலாவது அந்த மனுசனுக்கு விளங்கியிருக்கும். மன்னிச்சு மன்னிச்சே ஆளைக் கொல்லப் பாத்தியள்."

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி. டிப்போவில் எத்தனை பேரின் சாவியை வாங்கியவள். வீட்டில் இருக்கிற ஒருவரின் சாவி பிளேன் கொட்டில் ஆணியில்தான் தொங்குகிறது, கை நீட்டி எடுக்க எனக்குத் துணிவு இல்லை.

அன்று சோறு போட்டுக் கொடுக்கும்போது கதையைத் தொடங்கினேன். "கண்ணை ஒருக்கால் திரும்பக் காட்டுவமே?" என்றேன். இவர், "கண்ணுக்கு ஒண்டுமில்லை, சோளகம்" என்றார். பிறகு முகம் மலர்ந்து இன்னொன்றைச் சொன்னார். எங்கள் மகன் கோபிசங்கர் லண்டனில் இருந்து பிள்ளைகளோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான். விமானத்தில் ஏற்றச் சொல்லித் தொலைபேசியில் பிள்ளைகள் கேட்டார்களாம்.

"ரெண்டு பேரையும் மேலை கொண்டுபோய்க் காட்டுறன் எண்டு சொல்லிப்போட்டன். பெரியவளை முன்னுக்கு இருத்தலாம். சின்னவனைப் பின்னுக்கு."

 பிள்ளைகள் வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை இவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது நான் உழுந்தை ஊறப்போட்டேன். இவர் எழும்பிக் குசினி வாசலில் நின்று சட்டியைப் பார்த்தார்.

"இன்னும் பறக்கவே இல்லை" என்றார்.

"பின்னேரத்துக்குத் தேவைப்படும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போய்விட்டார். எஞ்சின் சத்தம் எழும்பிக் கிழக்கே போய்த் தேய்ந்தது. அவ்வளவு நேரமும் நான் நல்லூரானிடம் எல்லா நேர்த்தியும் வைத்தேன். உழுந்தை ஏன் கண்முன்னே ஊறப்போட்டேன், இவர் மனம் பதறி ஏதும் நடந்தால் என்ன செய்வேன் என்று என்னையே திட்டினேன். சத்தம் திரும்பி வந்தபோது வெளியே ஓடினேன். கண்முன்னால் விழுந்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது துள்ளலில் ஓடுபாதையின் ஓரப் புல்லுக்குள் ஒரு சக்கரம் இறங்கி, பிறகு ஏறியது. நின்றது. இறங்கி வந்து முகம் கழுவினார்.

பின்னேரம் மூன்று தட்டுகளில் வடையை அடுக்கினேன். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காற்றுப் பையடிக்கு எடுத்துப் போனேன். எல்லாரும் இருந்தார்கள், இவரும் இருந்தார். நடுவில் இருந்த ஸ்டூலில் ஒரு தட்டு, ஒரு வெறும் கதிரையில் ஒரு தட்டு, மூன்றாவதை மரியரட்ணத்தின் மடியிலேயே வைத்தேன்.

"இண்டைக்கு மூண்டு" என்றேன். "எங்கடை வீட்டுக் கணக்கு. சாப்பிடுங்கோ."

ஒருவரும் கை நீட்டவில்லை. மரியரட்ணம் தட்டைப் பிடித்தபடி, "காத்து அக்கா..." என்று இழுத்தார்.

"காத்து எல்லாருக்கும் ஒண்டுதான்."

இவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் புருசனை அவமானப்படுத்துகிற பெண் என்று என்னை யாரும் நினைத்திருந்தால் அதில் பிழை இல்லை. ஆனாலும் நின்றேன். இவர் எட்டி ஒரு வடையை எடுத்தார். கடித்தார். மென்று முடித்துவிட்டுக் கேட்டார்.

"ரட்ணம், மூண்டோ?"

மரியரட்ணம் மகளைப் பார்த்தார். பிறகு, "ஓம் அண்ணை, மூண்டு" என்றார்.

"போன கிழமை?"

"ரெண்டு."

"அதுக்கு முதல்?"

"அண்ணை, விடுங்கோ."

"ஆனி மாசத்திலை இருந்து ஒருத்தரும் வடை கேக்கேல்லை. ஏன்?"

காற்றுப் பை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கீழே பார்த்தார்கள். ஜெசிதாதான் சொன்னாள்.

"பயத்திலை, அங்கிள்."

இவர் தலையாட்டினார். மிச்ச வடையையும் சாப்பிட்டு முடித்தார். கையைத் தட்டிவிட்டு எழும்பி வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். வேலி இல்லாத வளவில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நடந்தோம்.

அதற்குப் பிறகு இவர் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், தேத்தண்ணி வைத்தால் குடித்தார். பகல் முழுக்கப் பிளேன் கொட்டிலில் இருந்தார். விமானத்தைக் கழுவினார், கண்ணாடியைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார். சாவி ஆணியில்தான் தொங்கியது. ஒவ்வொரு காலையும் எஞ்சின் சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த மனுசனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மரியரட்ணம் இரண்டு தரம் வந்து கொட்டில் வாசலில் நின்று, காலநிலையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார்.

ஒரு மத்தியானம் நான் சோற்றைக் கொட்டிலுக்கே எடுத்துப் போனேன். இவர் விமானத்தின் இறக்கைக்குக் கீழே கதிரை போட்டிருந்தார். தட்டை வாங்கி மடியில் வைத்து, பல நாளைக்குப் பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"குணம், இரு."

வேறு கதிரை இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் இருந்தேன்.

"அவை வடை கேக்காமல் விட்ட அண்டைக்கே எனக்குத் தெரியும்" என்றார். "ரட்ணம் நல்ல இறக்கம் எண்டு சொன்னான் பார், அண்டைக்கே. ரட்ணம் ஆரையும் அப்பிடிச் சொல்லுறவனே?"

"பேந்து ஏன் பறந்தனீங்கள்?"

"ஒருத்தரும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. சொல்லாத மட்டும் பறக்கலாம் எண்டு நினைச்சன்." சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. "நீயும் சொல்லேல்லை. நீ எத்தினை பேரின்ரை சாவியை வாங்கினனி. நீ சொல்லாட்டில் அவ்வளவு மோசமில்லை எண்டு நினைச்சன்."

 "எனக்கு உங்களிலை விருப்பம். அதுதான் வாய் வரேல்லை" என்றேன். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வசனத்தை நான் சொன்னதில்லை. இவரும் கேட்டுப் பழக்கமில்லாதவர் போலத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பிறகு எழும்பிக் கை கழுவி, ஆணியில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு மரியரட்ணம் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். ஜெசிதாவின் கையில் சாவியைக் கொடுத்தார்.

"பிள்ளை, பேரப்பிள்ளையள் வருகினம். நீதான் கொண்டுபோக வேணும்."

"ஓம், அங்கிள்."

"அதுக்கு முதல் ஒருக்கால் எங்களைக் கொண்டுபோ. என்னையும் அன்ரியையும். என்ரை பிளேனை நீ எப்பிடி இறக்கிறாய் எண்டு எனக்குத் தெரிய வேணும்."

"நீங்கள் முன்னுக்கு என்னோடை இருங்கோவன்."

"வேண்டாம். முன்னுக்கு இருந்தா கை சும்மா இராது."

அப்படித்தான் நாங்கள் இருவரும் பின் சீற்றில் ஏறினோம். இவருடைய விமானத்தில் இவர் பின்னால் இருந்தது அதுதான் முதல் தரம். இருக்கைப் பட்டியை எங்கே பூட்டுவது என்று தெரியாமல் தடவினார், நான் பூட்டிவிட்டேன். ஜெசிதா பலாலி விமான நிலையத்துக்கு றேடியோவில் சொல்லி அனுமதி எடுத்தாள். வீடுகள் ஓடின, காற்றுப் பை ஓடியது, நிலம் கீழே போனது. கச்சாய்க் கடல் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. இவர் அதைப் பார்க்கவில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஜெசிதாவின் தோளையே பார்த்தபடி இருந்தார். நன்றாக ஓட்டுகிறாள் என்று ஒருதரம் என் காதுக்குள் கத்தினார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நிலத்தில் நின்று பார்க்கப் பயமில்லை, உள்ளே இருந்தால் இறங்கும் நேரம் கண்ணை மூடிவிடுவேன். இவர் முன்னால் இருந்து ஓட்டியபடியால் அது இவருக்குத் தெரியாது. அன்று நான் மூடவில்லை.

ஜெசிதா தெற்குப் பக்கத்தால் வந்தாள். மகாதேவி தோட்டத்துக்குள் குனிந்து நின்றாள். ஜெசிதாதான் ஓட்டுகிறாள் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன், நிமிரவில்லை. அவளைக் கடந்தோம். ஓடுபாதை முன்னால் வந்து அகன்றது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கை, ஏதோ பிடியை இழுப்பது போல முழங்காலுக்கு மேலே மெல்லப் பின்னுக்கு வந்தது.

"இப்ப" என்றார்.

நான் வெளியே பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூரை இன்னும் எங்களுக்குக் கீழே இருந்தது. ஜெசிதா அசையவில்லை. விமானம் இறங்கியது. கூரை கண்மட்டத்துக்கு வந்தது, ஜன்னல்கள் வந்தன, கதிரைகள் வந்தன. இவருடைய கை அப்படியே வயிற்றோடு ஒட்டியபடி நின்றது. புல் தனித்தனியாகத் தெரியத் தொடங்கிய பிறகுதான் ஜெசிதா மூக்கைத் தூக்கினாள். அதற்கும் பிறகுதான் சக்கரம் தொட்டது.

இவர் தன் கையைக் குனிந்து பார்த்தார்.

"அவ்வளவு உயரத்திலை இருந்தோ நான் விழுந்தனான்?"

"ஓம்" என்றேன்.

விமானம் வேகம் குறைந்து, திரும்பி, ஒவ்வொரு வீட்டின் பின்வளவாக மெல்ல உருண்டது. மரியரட்ணம் தன் கொட்டில் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் கொட்டிலுக்கு முன்னால் வந்து ஜெசிதா எஞ்சினை நிறுத்தினாள். ஒருதரம் பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள்.

"பிள்ளையளையும் ஏத்தியிருப்பன், குணம்" என்றார் இவர்.

நான் பட்டியைக் கழற்றப் போனேன். இவர் என் கையை விடவில்லை. இவர் அழுதார். நானும் அழுதேன்.